எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்: இலவச அறையை நிரப்புவதும் உடைத் தோற்றத்தை மாற்றுவதும்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் (சுருக்கமாக ஈஎஸ்ஓ) என்ற இந்த ஆன்லைன் கேமுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இரண்டு கேள்விகள். "அறையில் இவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, ஏன் இன்னொரு நாற்காலி போட முடியவில்லை?", "கோல்டு (கேமுக்குள் புழங்கும் பணம்) கட்டி உடையை மாற்றினேன், ஏன் பழைய கோலத்திலேயே நிற்கிறேன்?" இரண்டுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். கணினியில் விளையாடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கேமை நிறுவுவது, கேரக்டர் உருவாக்குவது எல்லாம் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அறை. கேமுக்குள் இருக்கும் கடையான கிரவுன் ஸ்டோரில் 'ரூம் டு ஸ்பேர்' என்ற குவெஸ்ட் (செய்து முடிக்க வேண்டிய பணி) விலையில்லாமல் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு, குறி காட்டும் இடத்தில் கேந்தியன் என்பவரைப் பார்த்துப் பேசி முடித்தால் ஒரு விடுதி அறை உங்கள் பெயருக்கு வந்துவிடும். எந்த விடுதியின் அறை என்பது உங்கள் கேரக்டர் மூன்று கூட்டணிகளில் எதைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது: டேகர்ஃபால் என்றால் ரோசி லயன், ஆல்ட்மெரி என்றால் வல்கெல் கார்டு ஊரில் மாராஸ் கிஸ், எபன்ஹார்ட் என்றால் எபனி ஃப்ளாஸ்க். மற்ற இரண்டு அறைகளும் தலா 3,000 கோல்டுதான். கையில் காசு சேர்ந்ததும் முதலில் அவற்றை வாங்குங்கள் என்பேன். ஏனென்றால் விடுதி அறையும் வீட்டுக் கணக்குதான், சொந்த வீட்டின் வாசலுக்கு எங்கிருந்தும் கோல்டு செலவில்லாமல் பயணம் போகலாம். மூன்று அறை இருந்தால் மூன்று ஊருக்கு இலவசப் பயணம்.

சரி, இப்போது பொருள் வைக்கலாம். வீட்டுக்குள் நின்று எஃப்5 அழுத்தினால் ஹவுசிங் எடிட்டர் திறக்கும். எல்லாரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2017 பிப்ரவரியில் ஹோம்ஸ்டெட் அப்டேட்டோடு வீடுகள் வந்தபோது வைத்த கணக்கு இது: விடுதி அறைக்கு 15 சாதாரணப் பொருள்கள், சிறிய வீட்டுக்கு 100, நடுத்தர வீட்டுக்கு 200, பெரிய வீட்டுக்கு 300, மாளிகைக்கு 350. ஈஎஸ்ஓ பிளஸ் என்ற கட்டணச் சந்தா இருந்தால் எல்லாமே இரட்டிப்பு. எடிட்டரிலேயே உங்கள் வீட்டின் இப்போதைய வரம்பு தெரியும். வைக்கத் தொடங்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, பொருளின் அளவைப் பார்ப்பதில்லை. ஒரு மெழுகுவர்த்தியும் ஒன்று, சுவரை அடைக்கும் புத்தக அலமாரியும் ஒன்று. புதியவர்கள் மேசை போட்டு, அதன் மேல் தட்டு, கோப்பை, ரொட்டி, மெழுகுவர்த்தி என்று அடுக்குவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மேசையும் நான்கு சின்னப் பொருள்களும் சேர்ந்து ஐந்து ஸ்லாட் (பொருள் வைக்கும் இடம்) போய்விட்டது, அறையின் மூன்றில் ஒரு பங்கு வரம்பு அந்த ஒரு மேசையிலேயே முடிந்தது. மூலைகள் வெறுமையாக நிற்கும், எடிட்டரோ இனி முடியாது என்று சொல்லிவிடும்.

நான் 15-ஐ இப்படிப் பிரிப்பேன்: பெரிய விரிப்பு 1, கட்டில் 1, புத்தகங்கள் நிரம்பிய அலமாரி 2, மேசை 1, நாற்காலி 2, சுவரில் தொங்கும் துணி 2, விளக்கு 2, தடுப்புத் திரை 1. மொத்தம் 12. மீதி மூன்றைக் கடைசிவரை தொடாதீர்கள். எல்லாம் வைத்து முடித்து, வாசலில் நின்று பார்த்து, எங்கே கண் வெறுமையை உணர்கிறதோ அங்கே மட்டும் சின்னப் பொருள்களை வையுங்கள். பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே பொருளாக விற்றாலும் பல பொருள் போலத் தெரிகிறவற்றைத் தேடுங்கள். காலி அலமாரி வாங்கித் தனித்தனியாகப் புத்தகம் அடுக்குவதைவிட, நிரம்பிய அலமாரியே எப்போதும் லாபம்.

வளர்ப்புப் பிராணி, சவாரிக் குதிரை போன்றவை இந்தக் கணக்கில் வராது, அவற்றுக்குத் தனி வரம்பு உண்டு. அதனால் அறை உயிரோட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு பூனையை வைத்துப் பாருங்கள், நாற்காலிக்கான ஸ்லாட் குறையாது.

பொருள் சரியாகப் பொருந்தாவிட்டால் எடிட்டரின் துல்லிய முறையைப் பயன்படுத்துங்கள். அலமாரியைச் சுவருக்குள் கொஞ்சம் புதைக்கலாம், விரிப்பைத் தரையோடு ஒட்டலாம். கேமுக்குள் இருக்கும் இந்த வசதியே ஆரம்பத்துக்குப் போதும். எசென்ஷியல் ஹவுசிங் டூல்ஸ் என்ற ஆட்ஆன் (கேமோடு தனியாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) அருமையானது, ஆனால் அதைப் பெரிய வீடு வாங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். 15 பொருளுக்கு அது தேவையில்லை.

அடுத்து உடை. 2018 பிப்ரவரியில் வந்த, உடைத் தோற்றத்தை மாற்றும் அவுட்ஃபிட் முறையில் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு அவுட்ஃபிட் ஸ்லாட் இலவசம். நகரங்களில் இருக்கும் அவுட்ஃபிட் ஸ்டேஷனுக்குப் போய், கவசத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, கோல்டு கட்டினால் வேலை முடிந்தது. தோற்றம் மட்டும்தான் மாறும், கவசத்தின் பலம் அப்படியே இருக்கும்.

மெல்லிய துணிக் கவசம் அணிந்த மந்திரவாதி கனமான இரும்புக் கவசத் தோற்றத்தில் திரியலாம், தடையில்லை. பல கேம்களில் இதற்கு அனுமதி கிடையாது, அதனால் இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயுதத்தில் மட்டும் கட்டுப்பாடு உண்டு: வில்லுக்கு வில், மந்திரக்கோலுக்கு மந்திரக்கோல், ஒற்றைக் கை ஆயுதத்துக்கு ஒற்றைக் கை ஆயுதம்.

ஸ்டைல் பூட்டியிருந்தால் அதன் மோட்டிஃபை (அந்த ஸ்டைலைக் கற்றுத்தரும் புத்தகத்தை) இன்னும் நீங்கள் படிக்கவில்லை என்று பொருள். எந்தக் கேரக்டர் படித்தாலும் தோற்றம் அக்கவுண்ட் முழுவதற்கும் திறந்துவிடும். ஆனால் தனி அத்தியாயமாக வாங்கினால் அந்த ஒரு பாகம்தான் திறக்கும். தொப்பி அத்தியாயம் வாங்கினால் தொப்பி மட்டும். கில்ட் டிரேடரிடம் (மற்ற விளையாட்டாளர்களின் பொருள்களை விற்கும் வியாபாரியிடம்) காசு கொடுக்கும் முன் பெயரை முழுவதும் படியுங்கள். பிடித்த ஸ்டைலின் எல்லா அத்தியாயங்களையும் துரத்த வேண்டியதில்லை, மார்பு, தோள், கால் மூன்றும் கிடைத்தால் தோற்றத்தின் பெரும்பகுதி வந்துவிடும். தொப்பியை மறைத்துவிடலாம்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. அவுட்ஃபிட் மாறாமல் தெரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் காஸ்ட்யூம்தான், அதாவது கவசத்துக்கு மேல் தெரியும் ஒரு முழு உடை. பரிசாக வந்த ஏதோ ஒரு காஸ்ட்யூமை எப்போதோ போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். காஸ்ட்யூம் அவுட்ஃபிட்டை மூடிவிடும், பாலிமார்ஃப் (கேரக்டரின் உருவத்தையே மாற்றும் தோற்றம்) காஸ்ட்யூமையும் மூடிவிடும். கலெக்‌ஷன்ஸ் மெனுவைத் திறந்து, தோற்றப் பிரிவில் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். ஆயுதத்தின் தோற்றம் மட்டும் மாறி உடம்பு மாறாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம், காஸ்ட்யூம்தான். அது ஆயுதத்தை மறைப்பதில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு நண்பர், சந்தா முடிந்தால் வீட்டில் கூடுதலாக வைத்த பொருள்கள் காணாமல் போய்விடுமா என்று கேட்டார். போகாது, வைத்தவை வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எண்ணிக்கை சாதாரண வரம்புக்குக் கீழே வரும்வரை புதிதாக எதையும் வைக்க முடியாது. அதனால் சந்தாவை நிறுத்தப்போகிறீர்கள் என்றால், அறையை முழுதாக அமைத்து முடித்துவிட்டு நிறுத்துங்கள். அதன் பிறகு எதையும் எடுக்காதீர்கள், எடுத்ததைத் திரும்ப வைக்க விடாது.