காவேரிப்பட்டணத்திலிருந்து ஜெர்மனிக்கு: ஏஜென்ட் இல்லாமல் கச்சேரிப் பயணம் போவது எப்படி

எனக்குக் கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்தில் மைக் செட் கடை. அப்பா பம்பை என்ற இரட்டை மேளம் அடிப்பவர். அவர் கொடுத்த பம்பையை, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் பெடலில் போட்டு, சத்தத்தின்மேல் சத்தமாக அடுக்கிப் பாட்டு செய்வது என் ராத்திரி வேலை. 2025 ஜூனில் அதே பம்பையோடு ஜெர்மனி போய், இருபத்திரண்டு நாளில் ஒன்பது இடத்தில் வாசித்துவிட்டு வந்தேன். மேனேஜர் இல்லை, ஏஜென்ட் இல்லை. கூப்பிட்டவர்கள் எல்லாரும் இணையத்தில் பாட்டு பகிர்ந்து பழகினவர்கள். "எப்படிப்பா போனே?" என்று கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பையன்கள் கடைக்கே வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

இணைய இசைக் குழு எதில் சேர்ந்தாலும், நுழைந்ததும் "உங்க ஊர்ல ஒரு புரோகிராம் கிடைக்குமா" என்று கேட்காதீர்கள். பந்தியில் உட்கார்ந்ததுமே பாயசம் கேட்கிற கதை அது. எனக்கு ஒத்து வந்தது, வேலை கொடுத்து வேலை வாங்குகிற மாதிரி இடங்கள். டிஸ்க்வயட் ஜுண்டோ என்ற கூட்டம் 2012 ஜனவரியிலிருந்து நடக்கிறது. வியாழன்தோறும் ஒரு வேலை சொல்வார்கள், திங்களுக்குள் செய்து போட வேண்டும். அவர்கள் கொடுத்த முதல் வேலையே, டம்ளரில் ஐஸ் கட்டி விழும் சத்தத்தைப் பதிந்து அதிலிருந்து ஒரு பாட்டு செய்வது. இந்த மாதிரி இடத்தில் உங்கள் இங்கிலீஷை யாரும் எடை போடுவதில்லை. மாங்கூழ் ஃபேக்டரியில் பெங்களூரா மாங்காய் தண்ணீர்த் தொட்டியில் விழும் சத்தத்தை நான் போட்டபோது, இது என்ன மேளம் என்று கேட்டவர்கள்தான் பின்னால் நண்பர்கள் ஆனார்கள். நீங்கள் ஒன்று போட்டால், மற்றவர் போட்டதில் ஐந்தையாவது முழுசாகக் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வருஷம் இதை விடாமல் செய்தேன்.

அப்புறம், போவதற்கு முன்னால் வரவேற்றுப் பழகுங்கள். நம் மாவட்டத்துக்குப் பெங்களூர் பக்கம் என்பது பெரிய லாபம். வேலையாகப் பெங்களூர் வந்த, ஜெர்மனியின் லைப்சிக் ஊர் நண்பர் ஒருவரை, இரண்டு மணி நேரம்தானே என்று கூப்பிட்டேன். மாசி மாதம், அங்காளம்மன் மயானக் கொள்ளை சமயம். ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நசுங்கியவர், வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் களியை மென்று தின்னப் பார்த்தார். "மெல்லக் கூடாது சாமி, முழுங்கணும்" என்று அம்மா ஒரு உருண்டை முழுங்கிக் காட்டினார். ஊருக்குப் போன பிறகு, நான் கேட்காமலே இரண்டு தேதி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

தேதி பிடிப்பதில் என் வழி இது. நடுவில் ஒரு தேதியை ஆணி அடித்த மாதிரி உறுதி செய்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற ஊர்களை மட்டும் பாருங்கள். பாட்டு விற்கிற இணையதளமான பேண்ட்கேம்பில் உங்கள் பாட்டு விற்றிருந்தால் வாங்கினவர் எந்த நாடு என்று தெரியும், அவர்களுக்கு முதலில் எழுதுங்கள். மாதத்தையும் யோசியுங்கள். ஆடி பிறந்துவிட்டால் பம்பைக்காரனுக்கு ஊரை விட்டு நகர முடியாது. எனக்கு ஜூன்தான் வசதி. ஜூன் 21 அன்று ஃபெத் தெ லா ம்யூசிக் வருகிறது. 1982ல் பிரான்சில் தொடங்கிய தெருவிசை நாள், நம் புதுச்சேரியிலும் உண்டு, பெர்லினிலும் உண்டு. காசு கிடைக்காது, ஆட்கள் கிடைப்பார்கள்.

இனி விசா. இதில்தான் நான் ஒரு முறை விழுந்தேன். அதற்கு முந்தைய முயற்சியில், வேறொரு நாட்டுக்கு, "எங்களோடு வந்து இசைக்க அன்போடு அழைக்கிறோம்" என்று ஒரு நண்பர் எழுதிய கடிதத்தை வைத்து விண்ணப்பித்தேன். பயண நோக்கம் தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கட்டின பணம் வராது. கடிதத்தில் அன்பு தேவையில்லை, விவரம் வேண்டும்: எந்தத் தேதி, எந்த முகவரி, எத்தனை மணிக்கு, எவ்வளவு சம்பளம், யார் வீட்டில் தங்கல், சாப்பாடும் டிக்கெட்டும் யார் செலவு. கீழே கையெழுத்து, கூடவே எழுதினவரின் அடையாள அட்டை நகல். இரண்டாம் தடவை ஒன்பது இடத்திலிருந்தும் இப்படி வாங்கி, முதல் பக்கத்தில் நாள்வாரியாக ஒரு அட்டவணை வைத்தேன். ஜெர்மனியில், செலவுக்கு நான் பொறுப்பு என்று அழைப்பவர் தன் ஊர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் முறையும் உண்டு. லைப்சிக்காரர் அதையும் செய்தார்.

ஐரோப்பாவில் பல நாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிற ஷெங்கன் குறுகிய கால விசாவில், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்குமேல் தங்கக் கூடாது. எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள் கொடுக்க முடியாது. கட்டணம் 90 யூரோ, விண்ணப்பம் வாங்குகிற சேவை மையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். படிவத்தில் நோக்கம் கேட்கிற இடத்தில் சுற்றுலா என்று போடாமல் கலாச்சாரம் என்று போடுங்கள். சம்பளம் வாங்கி வாசிக்கத் தனி அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அழைப்பவரையே கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். நமக்குப் பெங்களூர் பக்கம்தான், ஆனாலும் ஆதார் முகவரி தமிழ்நாடு. விண்ணப்பம் கொடுக்க வேண்டியது சென்னையிலா பெங்களூரிலா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். நான் சென்னை போனேன்.

நம்மைப் போல ரொக்கத்தில் பிழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண சீசன் காசைப் பீரோவில் வைக்காமல் மாதாமாதம் பேங்க்கில் போடுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மச்சானிடம் வாங்கி இரண்டு லட்சம் மொத்தமாகப் போட்டால், பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். வருமான வரிக் கணக்கும் கடைக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றும் எனக்குக் கைகொடுத்தன.

வாத்தியம் எடுத்துப் போவதில், தோல் கட்டின மேளம் என்றால் யோசியுங்கள். ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் விலங்குத் தோலைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பிடித்து வைக்கவும் செய்வார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று அப்பா பம்பைக்கே தோலுக்குப் பதில் ஃபைபர் போட்டு எடுத்தேன். பழைய ஸ்பீக்கர் பெட்டியின் ஃபோமை வெட்டி உள்ளே வைத்து, திருவிழாவில் நான் பம்பை கட்டி நிற்கிற போட்டோவை மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். எக்ஸ்ரேயில் இரண்டு உருளையைப் பார்த்து முழித்தவர்கள் எல்லாரும் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். லூப்பர், ஆடியோ இன்டர்ஃபேஸ் மாதிரி விலையான சாமானுக்குக் கிளம்பும்போதே நம் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "இது அங்கே வாங்கினதா" என்ற கேள்வி வராது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

கரண்ட் விஷயத்தை மைக் செட்காரனாகச் சொல்கிறேன். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் வேறு. நம் ஊர் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு மட்டும் ஒரே ஒரு மாற்று பிளக் போதும். அந்த பிளக் எர்த் உள்ளதாக இருக்கட்டும். விமான நிலையத்தில் வாங்கின இரண்டு முள் பிளக்கை நம்பி முதல் கச்சேரியில் லூப்பரைச் சொருகினேன், ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று தேனீக் கூடு. வேறு எவன் செட்டிலாவது இந்த ஹம் வந்தால் எர்த் பாரு என்று நானே திட்டியிருப்பேன். பக்கவாட்டில் எர்த் பட்டை உள்ள பிளக்கை மறுநாள் வாங்கினதும் சத்தம் அடங்கியது. கூடவே, லூப்பர் சத்தத்தை ஹம் இல்லாமல் மிக்ஸருக்குக் கொண்டு போகிற டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் எங்கே நிற்பேன், எத்தனை மைக் என்று ஒரு தாளில் படம் போட்டு முன்கூட்டியே அனுப்புங்கள். பம்பையை ஒரு மைக்கில் அடக்கப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மைக் என்று எழுதிவிடுங்கள்.

வீட்டுக் கச்சேரி என்றால் ஆசையாக இருக்கும். ஜெர்மனியில் ராத்திரி பத்துக்குமேல் சத்தம் ஆகாது, ஞாயிறு முழுக்க அமைதி நாள். நம் ஊரில் பத்து மணிக்குத்தான் அம்மன் ஊர்வலமே கிளம்பும். அதனால் வீட்டுக் கச்சேரியெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம், தோட்டத்தில், குச்சி நுனியில் துணி சுற்றி. முடிந்ததும் தொப்பி சுற்றும். கூத்தில் பத்து ரூபாய் கொடுத்தால்கூடப் பேரும் ஊரும் மைக்கில் சொல்வோம் அல்லவா? அங்கே யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்து நாற்காலிக்கே தெரியாது. எனக்கு என்னவோ போல இருந்தது.

ஊர் மாற டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்குங்கள். நான் போனபோது மாதம் 58 யூரோ, இப்போது 63. வேக ரயிலில் செல்லாது, உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். அது சந்தா, பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துவிடுவார்கள். முழுப் பயணத்தையும் ஒரே ஆங்கில மாதத்துக்குள் முடித்துக்கொண்டால் ஒரே டிக்கெட் போதும்.

சம்பளம் பேசும்போது, ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோ வரை வரி பிடிப்பதில்லை. அதற்கு மேலே போனால் 15 சதவீதம், அதன்மேல் ஒரு சிறு கூடுதல் வரி. கைக்கு வருவதா, வரிக்கு முந்தியதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாட்டு செய்தவருக்கு ராயல்டி வாங்கித் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், எந்தெந்தப் பாட்டு எங்கே வாசித்தீர்கள் என்ற பட்டியலை அன்றன்றே நோட்டில் குறித்துவிடுங்கள். ஊர் வந்து உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. நான் நான்கு கச்சேரிக்குத்தான் ஒழுங்காகக் குறித்திருந்தேன், மிச்சத்துக்குப் பார்க்க வந்தவர்கள் எடுத்த வீடியோவைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆடி முதல் வெள்ளி வந்துவிட்டது.