தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேச் தேடப் போகிறவர்களுக்கு

யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு ஜியோகேச்சிங்; அந்த டப்பாவுக்குத்தான் கேச் என்று பெயர். இந்த விளையாட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், விளையாட்டு தெரியாதவர்கள் கண்ணில் படாமல் டப்பாவை எடுத்து, படாமல் திரும்ப வைக்க வேண்டும் என்பது. ஆள் நடமாட்டமில்லாத வெளிநாட்டுப் பூங்காவுக்கு அது பொருந்தலாம். ராயக்கோட்டைப் பக்கமோ அரூர் பக்கமோ ஏதாவது ஒரு கரட்டில் போய் அப்படி நடந்துகொண்டால் வம்புதான் வரும். நம் பக்கத்தில் ஆளில்லாத கரடு என்று ஒன்று கிடையாது. ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், மாந்தோப்புக் காவல்காரர் என்று யாராவது ஒருவர் இருந்தே தீருவார், நீங்கள் அவரைப் பார்க்காவிட்டாலும் அவர் உங்களைப் பார்த்துவிட்டிருப்பார். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது நேர் எதிர்: மறைக்காதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். கேச் மரியாதை, டப்பாவின் பராமரிப்பு, தனியாகப் போகிறவரின் உயிர்ப் பாதுகாப்பு, மூன்றுக்கும் இங்கே அதுதான் அடிப்படை.

விளையாட்டையே கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே ஒரு பிசகைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது அமெரிக்க அரசு. 2000 மே 2 அன்று அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் கோஆர்டினேட்டை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் போட்டார், அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம். இன்றைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கில் டப்பாக்கள் இருக்கின்றன. போனைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் லாக்புக் என்ற குட்டி நோட்டில் உங்கள் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஏன் சொல்லிவிட்டுப் போக வேண்டும்? கோட்டை, கல்திட்டை, நடுகல் இருக்கிற ஊர்களில் புதையல் பேச்சு இன்னும் ஓயவில்லை. புதையலை நம்பி ராத்திரியில் வந்து கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர்களால் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். அந்த இடத்தில் வெளியூர் முகம் ஒன்று போனைப் பார்த்துக்கொண்டே பாறை இடுக்கில் துழாவினால் என்ன நினைப்பார்கள்? ராயக்கோட்டைக்கு வெளியே ஒரு கரட்டில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, எதனா தொலைச்சிட்டியா?" என்றார். "இல்லீங்க ஐயா, இது ஒரு விளையாட்டு. யாரோ ஒருத்தர் இங்க டப்பா வெச்சிருக்காரு, அதைக் கண்டுபிடிச்சு பேரு எழுதணும், காசு பணம் ஒண்ணும் இல்லீங்க" என்று போனைக் காட்டினேன். டப்பாவை எடுத்து அவர் எதிரிலேயே திறந்தேன். உள்ளே இருந்த குட்டி நோட்டையும் பென்சிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா இம்மாம் தூரம் வந்த?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "மேல சுனைப் பக்கம் போயிடாத, மலைத்தேன் கட்டியிருக்கு" என்றார். எந்த ஆப்பும் அதைச் சொல்லியிருக்காது.

ஆகவே வண்டியை நிறுத்தியதும் பக்கத்து டீக்கடையிலோ முதல் வீட்டிலோ, இன்ன மலைக்குப் போகிறேன், இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிடுங்கள். தோட்டத்தைக் கடக்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுக் கடந்து போங்கள், அதுவும் மாங்காய் சீசனில் கேட்காமல் நுழையவே நுழையாதீர்கள்.

டப்பாவை எடுக்கிறவர்

டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்புக்கோ அதற்கு மேலோ ஒன்றை வையுங்கள். எண் பொறித்த டிராவல் பக் இருந்தால் அது பரிசு இல்லை, ஊர் ஊராகப் போக வேண்டிய பொருள்; எடுத்தால் அடுத்த டப்பாவில் வைத்தாக வேண்டும். தின்பண்டம், சோப்பு, ஊதுபத்தி மாதிரி வாசனையுள்ள எதையும் உள்ளே போடாதீர்கள், குரங்கு கடித்துக் குதறிவிடும், எறும்பு குடியேறிவிடும். டப்பா கிடைக்கவில்லையா? இணையத்தில் அந்த டப்பாவின் பக்கத்தில் கிடைக்கவில்லை என்றே பதிவு போடுங்கள். அதை அவமானமாக நினைத்துப் பலர் போடுவதில்லை. ஆனால் தொடர்ந்து நாலு பேர் அப்படிப் போட்டால்தான் டப்பா காணாமல் போயிருக்கிறது என்று வைத்தவருக்குத் தெரியவரும். இதைவிட மோசம், கிடைக்காத கோபத்தில் தானே ஒரு டப்பாவை அங்கே வைத்துவிட்டு, கண்டுபிடித்தேன் என்று எழுதுவது. பழைய டப்பா இரண்டடி தள்ளி இருந்திருக்கும், இப்போது ஒரே இடத்தில் இரண்டு, இரண்டையும் கவனிக்க ஆளில்லை. வைத்தவரைக் கேட்காமல் மாற்று டப்பா வைக்கவே வைக்காதீர்கள்.

கோஆர்டினேட்டைப் போனில் போடும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஜியோகேச்சிங்கில் டிகிரிக்கு அப்புறம் நிமிடத்தைத் தசமத்தில் எழுதுவார்கள். 12 டிகிரி 31.500 நிமிடம் என்றால் கூகுள் மேப்பில் அது 12.525. அதையே 31 நிமிடம் 50 விநாடி என்று போட்டுவிட்டால் அறுநூறு மீட்டர் வடக்கே தள்ளிப் போய் நிற்பீர்கள். மலையில் அறுநூறு மீட்டர் என்பது வேறொரு சரிவு, சில இடங்களில் வேறொரு கல்குவாரியின் விளிம்பு.

டப்பாவை வைக்கிறவர்

முதலில், எங்கே வைக்கக்கூடாது. கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, மதில் இடுக்கில் டப்பா செருகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மல்லச்சந்திரம் கல்திட்டைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்றவை. பத்துப் பேர் வந்து தேடுகிறேன் என்று பலகைக் கல்லை அசைத்தால் போதும், போனது போனதுதான். காவிரி வடக்கு சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டவை, இவற்றுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணை மதகு, ரயில் தண்டவாளம், பாலத்தின் அடி, பஸ் ஸ்டாண்ட் இங்கெல்லாம் ஒரு மர்ம டப்பா கிடந்தால் வெடிகுண்டு நிபுணர்களைத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிடவும் வேண்டும். கோயில் வளாகமும் வேண்டாம்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நண்பரின் தோட்டத்து வேலியோரப் புளியமரம், பஞ்சாயத்தில் கேட்டு வைக்கும் ஏரிக்கரை, உரிமையாளர் சம்மதித்த ஒரு பாறைக் கரடு. இடத்துக்காரர் அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி, ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் விதி. டப்பா வைக்க முடியாத இடத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் எர்த்கேச் இருக்கிறது. அதில் டப்பாவே கிடையாது, வருகிறவர் அந்த இடத்தின் நிலவியலைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்புவார். ஒகேனக்கல்லில் கார்பனடைட் என்ற பழமையான, அரிய வகைப் பாறைகள் இருப்பது நிலவியல் படித்தவர்களுக்குத் தெரியும். அருவியையும் பரிசலையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை அந்தக் கல்லைக் குனிந்து பார்க்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

டப்பா எப்படி இருக்க வேண்டும்? உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக், நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற வகை. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், சந்தேகத்துக்கு அதுதான் முதல் காரணம். வெளியே தமிழில், "இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்து எதுவும் இல்லை, எடுத்த இடத்திலேயே வைத்துவிடவும்" என்று எழுதி ஒட்டுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி வைப்பது நல்லது. பேனா வேண்டாம், வெயிலில் மை காய்ந்துவிடும் அல்லது கசிந்து நோட்டைப் பாழாக்கும், பென்சில் போதும்.

பராமரிப்பில் எல்லாரும் தவறவிடுவது மூடியின் உட்பக்கம் ஓடும் ரப்பர் வளையம். சித்திரை வெயிலில் பாறைச் சூட்டில் கிடந்து அது விறைத்துப்போகும். விரலால் அழுத்திப் பாருங்கள், பழையபடி எழும்பாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வெயில் காலத்தில் அது வெளியே தெரியாது. ஐப்பசி மழையில் முதல் தடவை தண்ணீர் இறங்கி லாக்புக் கூழாகும்போதுதான் தெரியும். ஆகவே வெயில் முடிந்ததும் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு தடவை கட்டாயம் போய்ப் பாருங்கள். கிளிப்பின் மூட்டு வெளுத்து விரிசல் விட்டிருக்கிறதா, நோட்டு நனைந்திருக்கிறதா, டப்பாவுக்கு அடியில் தேள் குடியிருக்கிறதா, எல்லாம் பாருங்கள். நோட்டை ஜிப் பையில் போட்டு, மருந்து பாட்டிலில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் கூட வையுங்கள். யாராவது டப்பா உடைந்திருக்கிறது என்று பதிவு போட்டால் சில வாரங்களுக்குள் போக முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவர்கள் தனியாக டப்பா வைக்காமல், ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ பொறுப்பாக்கிவிட்டு வைப்பது நல்லது. முடியாமல் போனால் இணையத்தில் மட்டும் மூடிவிட்டு விட்டுவிடாதீர்கள், போய் டப்பாவை எடுத்து வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் குப்பை.

தனியாகப் போகிறவர்

வீட்டில் ஒருவருக்கு நாலு விஷயம் மெசேஜில் போடுங்கள்: எந்த மலை, எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறேன், வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும். கடைசி விஷயத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாமல் மற்ற மூன்றும் பெரிதாக உதவாது. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் போகப்போக டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிச்சமாகும்.

யானை இருக்கும் பகுதிக்குத் தனியாகப் போகாதீர்கள். தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டி வட்டாரத்தில் ராகி அறுவடை நெருங்கும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் பன்னார்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வருகின்றன. அந்த மாதங்களில் காட்டோரக் கேச்சைத் தள்ளிப் போடுங்கள். மற்ற மாதங்களிலும் ஆளோடு போங்கள், காலை ஏழு எட்டு மணிக்கு முன்னால் வேண்டாம், மாலை நாலுக்கு மேல் இருக்கவும் வேண்டாம். பாதையில் யானைச் சாணம் ஈரமாகக் கிடந்தால், மூங்கில் புதிதாக முறிந்து கிடந்தால், கேச் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். இருட்டில் வயல்களைக் குறுக்கே கடக்காதீர்கள். சிலர் பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாகக் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானையையே சாய்க்கிற கம்பி.

காட்டுக்குள்ளேயே நடக்க ஆசை என்றால் வனத்துறை 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள்.

வெறும் பாறைக் கரடுகளுக்குக் கணக்கு வேறு. அங்கே எதிரி வெயில். மாசி முடிந்ததிலிருந்து விடியலில் ஏறிப் பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும், ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் இல்லாமல் ஏறாதீர்கள். கோடை மழைக்காலத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி கேட்டதும் உச்சியை விட்டு இறங்குங்கள், ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும். சுவர் செங்குத்து, விழுந்தால் பிடித்து ஏற இடமில்லை, ஓரத்துக்கே போகாதீர்கள். மலைத்தேனீ இருக்கும் பாறைக்குக் கீழே சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், புகை வேண்டாம். தேனீக்கள் கிளம்பிவிட்டால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள்.

கேச் தேடும்போது கையைத்தான் முதலில் உள்ளே விடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், குச்சியால் தட்டுங்கள், அப்புறம் கை. நம் கரடுகளில் சுருட்டை விரியன் கல்லுக்கடியில் இருக்கும், மண்ணின் நிறமே அதன் நிறம். பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பை அடிக்கத் தேடாதீர்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஒரு குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, 108ஐக் கூப்பிடுங்கள். மந்திரிக்க நேரமில்லை, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். டவர் இல்லாமல் போய்விட்டால் விசிலை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள், அதனால்தான் விசில் பையில் இருக்கக்கூடாது, கழுத்தில் தொங்க வேண்டும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாமே தனியாகப் போகிறவர்களை ஒரு சாட்டிலைட் மெசேஞ்சர் வாங்கிக்கொள்ளச் சொல்கின்றன. இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டவிரோதம், வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். வெறும் ஜிபிஎஸ் கருவி வேறு, செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவி வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் மாமா பரிசாகக் கொண்டுவருகிறேன் என்றால் முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு, காலையில் சொல்லிவிட்டுப் போன டீக்கடைக்காரரிடமும் வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், பொழுது சாய்ந்தபின் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு டார்ச்சோடு உங்களைத் தேடி மலையேறுகிறவர் அவராகத்தான் இருப்பார்.