பட்டை மாறவில்லை என்றால் தூண்டல் நடக்கவில்லையா?

முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தும்போது ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். பெருவிழுங்கி (மேக்ரோஃபேஜ்) என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்கு எல்பிஎஸ் என்ற பாக்டீரியா நச்சுப்பொருளைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு புரதப் பட்டைகள்; பட்டையின் தடிமன் புரதத்தின் அளவைக் காட்டும். இரண்டும் ஒரே தடிமன். கீழே, "பி65 அளவு மாறவில்லை, ஆகவே என்எஃப்-கப்பா பி தூண்டப்படவில்லை" என்று ஒரு வரி. சோதனையை ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள். கேட்ட கேள்விதான் தவறு.

என்எஃப்-கப்பா பி என்பது அழற்சி மரபணுக்களைத் தூண்டும் புரதக் காரணி; பி65 அதன் ஓர் உறுப்பு. பி65 அந்தச் செல்லில் முன்பே தயாராக இருக்கிறது. ஐகப்பாபி என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு சைட்டோபிளாசத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. எல்பிஎஸ் வந்ததும் ஐகேகே என்ற நொதி ஐகப்பாபியின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. கால் மணி நேரத்தில் புரோட்டியாசோம் என்ற செல்லின் புரதச் சிதைப்பான் ஐகப்பாபியைச் சிதைத்துவிடுகிறது. விடுபட்ட பி65 உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களைப் படியெடுக்க வைக்கிறது. எனவே உட்கருவைத் தனியே பிரித்து அளக்க வேண்டும். 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும், புதிய புரதம் உருவாவதைத் தடுத்த பிறகும் இந்தக் காரணி தூண்டப்படுவதைக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் மொத்த அளவைப் பார்த்தே தீர்ப்பு எழுதும் பழக்கம் போகவில்லை.

என்எஃப்-கப்பா பி என்ற பெயரும் ஆளைக் குழப்பும். எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்லில், அந்த எதிர்ப்பொருளின் கப்பா பகுதிக்கான மரபணுவில் கண்டதால் வந்த பெயர் அது; பி செல்லுக்கு மட்டும் உரியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து உறுப்பினர்கள் கொண்ட குடும்பம் இது. அதில் பி50 தன்னோடு தானே இணை சேர்ந்தால் பெரும்பாலும் மரபணுவை அடக்கவே செய்யும். படியெடுத்தலைத் தூண்டும் பகுதி அதற்கு இல்லை.

அடுத்தது நேரம். எல்பிஎஸ் கொடுத்து 24 மணி நேரம் கழித்து ஒரே ஒரு மாதிரி எடுத்துவிட்டு முடிவு எழுதுபவர்கள் நிறையப் பேர். என்எஃப்-கப்பா பி தூண்டும் மரபணுக்களில் ஐகப்பாபியின் மரபணுவும் ஒன்று. புதிதாக உருவான ஐகப்பாபி உட்கருவுக்குள் போய் பி65ஐ வெளியே இழுத்து வருகிறது. தூண்டுதல் நீடித்தால் அது மறுபடியும் சிதைகிறது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் கொடுத்த செல்களை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தால், ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒரு முறை பி65 உள்ளே போய் வெளியே வருவது தெரியும். அலை இறங்கிய நேரத்தில் மாதிரி எடுத்துவிட்டு, "எங்கள் மூலிகைச் சாறு தடுத்துவிட்டது" என்று எழுதினால் என்ன செய்வது? குறைந்தது நாலைந்து நேரப் புள்ளிகளாவது வேண்டும்.

பி65 உள்ளே போனாலே எல்லா அழற்சி மரபணுக்களும் திறந்துவிடும் என்பதும் பிழை. பெருவிழுங்கியில் பியு.1 என்ற காரணி முன்கூட்டியே சில இடங்களில் டிஎன்ஏவைத் திறந்து வைத்திருக்கிறது. பி65 பெரிதும் அங்கேதான் போய் அமர்கிறது. கல்லீரல் செல்லில் திறந்திருக்கும் இடங்கள் வேறு.

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ கூடினால், சைட்டோகைன் எனப்படும் அழற்சிச் செய்திப் புரதமும் கூடியே தீரும் என்று நம்புவதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் தவறு. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சைட்டோகைன் முதலில் செயலற்ற முன்வடிவமாகவே உருவாகிறது. பெரும்பாலும் கேஸ்பேஸ்-1 என்ற நொதி வெட்டிய பிறகே அதற்கு உயிர் வருகிறது. தலைகீழாகவும் நடக்கும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் பெருவிழுங்கி போன்ற மைலாய்டு செல்களில் ஐகேகே நொதியின் ஓர் உறுப்பான ஐகேகே பீட்டாவை நீக்கினார்கள். படியெடுத்தல் பாதை அடைபட்டது. அழற்சி தணியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் எல்பிஎஸ் கொடுத்தபோது அந்த எலிகளிடம் இன்டர்லூக்கின்-1 பீட்டா கூடுதலாக வெளிவந்தது. சாதாரண எலிகளைவிட எளிதில் நச்சு அதிர்ச்சிக்கு உள்ளாயின.