வைரஸ் பரவாமல் இருக்க: எதைத் துடைப்பது, எப்போது கை கழுவுவது

வீட்டில் ஒருவர் சளி காய்ச்சலோ வாந்தி பேதியோ வந்து படுத்துவிட்டால், நிறைய பேர் முதலில் செய்வது கிருமிநாசினி ஊற்றி வீடு முழுக்கத் தரையைத் துடைப்பதுதான். வாசனை வரும், மனதுக்கும் திருப்தியாக இருக்கும், ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி தேவையில்லாத இடத்தில் போகிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டைத் தவிர, தரையைத் தொட்ட கையை யாரும் அடிக்கடி முகத்துக்குக் கொண்டுபோவதில்லை. பாத்ரூம் தாழ்ப்பாள், ஃப்ளஷ் பட்டன், குழாய்த் திருகு, டிவி ரிமோட், ஃப்ரிட்ஜ் கைப்பிடி, நோயாளியின் செல்போன், இவற்றை ஒரு நாளில் எத்தனை கைகள் எத்தனை முறை தொடுகின்றன என்று யோசித்துப் பாருங்கள். அவற்றைத் துடைக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் பெருகும். மேசை மேல் விழுந்த வைரஸ் அங்கே குட்டி போடாது, நேரம் ஆக ஆக அழிந்துகொண்டேதான் இருக்கும். சளி, காய்ச்சல், வாந்தி பேதி வைரஸ்கள் காயமில்லாத தோல் வழியாகவும் உள்ளே போகாது. அவற்றுக்கு வேண்டியது கண், மூக்கு, வாய். அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் விரல்கள். ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015-ல் வெளியானது, அதில் ஒரு ஆள் சராசரியாக மணிக்கு 23 முறை தன் முகத்தைத் தொட்டிருக்கிறார், அதில் 44 சதவீதம் கண், மூக்கு, வாய்ப் பகுதியில். அதுவும் மருத்துவம் படிக்கிறவர்கள்! முகத்தைத் தொடாதே என்று சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம். அதனால் கையைச் சுத்தமாக வைப்பதுதான் நடக்கிற வழி.

எந்த வைரஸ் என்பது முக்கியம்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஒரு மெல்லிய உறை இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பாத்திரத்தில் சோப்பு என்ன செய்யுமோ அதையேதான் அந்த உறைக்கும் செய்யும். உறை கிழிந்தால் வைரஸ் அவ்வளவுதான், ஆல்கஹால் சானிடைசருக்கும் அது எளிதில் அடங்கிவிடும். ஆனால் வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ், குழந்தைகளைப் பாடாய்ப் படுத்தும் ரோட்டாவைரஸ், மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ ஆகியவற்றுக்கு அந்த உறை கிடையாது. கெட்டியான புரதக் கூடு மட்டும்தான். இவை வெளியே நீண்ட நாள் தாங்கும், குறிப்பாக நோரோவைரஸிடம் சானிடைசரை நம்பவே கூடாது.

கொரோனா பற்றி 2020-ல் நடந்த ஆய்வகச் சோதனையில், பிளாஸ்டிக், எவர்சில்வர் பரப்புகளில் 72 மணி நேரம் வரையும், அட்டையில் 24 மணி நேரம் வரையும், செம்பில் 4 மணி நேரம் வரையும் அந்த வைரஸ் தாக்குப்பிடித்தது. அதைப் படித்துவிட்டு உலகமே பார்சல் டப்பாக்களைத் துடைத்தது. ஆனால் அது ஆய்வகத்தில் கிடைத்த கணக்கு, நிஜ வாழ்க்கையில் அப்படித் தொற்றுவது குறைவு. வைரஸ் பட்ட பரப்பை ஒரு முறை தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் கீழ் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் சொல்லிவிட்டது. அந்த மாதிரி நோய்க்கு முதல் வழி காற்றுதான். எனவே சளி, இருமல், காய்ச்சல் என்றால் ஜன்னலைத் திறந்துவையுங்கள், இருமுபவர் மாஸ்க் போடட்டும், அப்புறம் கை, அதற்கும் அப்புறம்தான் பரப்புகள்.

வாந்தி பேதி என்றால் இந்த வரிசை தலைகீழ். நோரோவைரஸ் பரப்புகளில் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில்கூட இருக்கும், அதன் துகள் நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே ஆளைச் சாய்த்துவிடும். இங்கே துடைப்பதில் சோம்பல் படக்கூடாது.

கை கழுவுவது

எப்போது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டாலோ டயாபர் மாற்றினாலோ, மூக்கைச் சிந்தியதும், நோயாளியைத் தொட்டதும், வெளியே போய் வீட்டுக்குள் நுழைந்ததும், சமைக்கும் முன், சாப்பிடும் முன், கண்ணில் லென்ஸ் வைக்கும் முன், மருந்து ஊட்டும் முன். நாள் முழுக்க சும்மா சும்மா கழுவுவதைவிட இந்த நேரங்களில் தவறாமல் கழுவுவது பல மடங்கு மேல், கையும் வறண்டு வெடிக்காமல் இருக்கும்.

முதலில் கையை நனைத்து, குழாயை மூடிவிட்டு, சோப்பு போட்டுக் குறைந்தது 20 விநாடி தேயுங்கள். பெரும்பாலானவர்கள் உள்ளங்கையை மட்டும் இரண்டு தடவை உருட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். உள்ளங்கையால் யாரும் மூக்கைக் குடைவதில்லை, கண்ணைக் கசக்குவதில்லை. விரல் நுனிகள்தான் முகத்துக்குப் போகின்றன, கழுவும்போது விட்டுப்போவதும் அந்த நுனிகளும் கட்டைவிரலும் விரல் இடுக்கும்தான். எனவே ஒரு கையின் விரல் நுனிகளை மற்றக் கையின் உள்ளங்கையில் வைத்து நுரையோடு வட்டமாகத் தேயுங்கள், நகத்துக்கு அடியிலும் நுரை போகும். கட்டைவிரலை மறு கையால் முழுசாகப் பிடித்துத் திருகித் தேயுங்கள். புறங்கை, இடுக்குகள், மணிக்கட்டு. மோதிரம் போட்டிருந்தால் நகர்த்தி அடியில் தேயுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருந்தால் இந்த வேலை எல்லாமே சுலபம்.

தண்ணீர் சூடாக இருக்க வேண்டியதில்லை, பச்சைத் தண்ணீர் போதும். 'கிருமி எதிர்ப்பு' என்று எழுதிய சோப்பும் தேவையில்லை. சாதாரண சோப்பைவிட அது நோயை அதிகம் தடுக்கிறது என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியாததால், டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களை வீட்டு உபயோக சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் தடை போட்டது. சோப்பின் வேலையில் பெரிய பங்கு கிருமியைக் கொல்வதில் இல்லை, தோலில் இருந்து கிளப்பித் தண்ணீரோடு அனுப்பிவிடுவதில்தான். அதனால்தான் உறை இல்லாத முரட்டு நோரோவைரஸுக்கும் சோப்பும் ஓடும் தண்ணீரும் எடுபடுகிறது, சானிடைசர் எடுபடுவதில்லை.

கடைசியில் கையைத் துடையுங்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் ஈரக்கை காய்ந்த கையைவிடக் கிருமியை வாங்கவும் கொடுக்கவும் அதிகம் செய்யும். வீட்டில் நோயாளி இருக்கும் நாட்களில் எல்லாருக்கும் ஒரே டவல் கூடாது, ஆளுக்கு ஒன்று. பொதுக் கழிப்பறையில் குழாயையும் கதவையும் டிஷ்யூவால் பிடித்துத் திறந்தால் கழுவிய கை கழுவியதாகவே இருக்கும்.

சோப்பும் தண்ணீரும் கிடைக்காத இடத்துக்கு சானிடைசர். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். சுத்தமான 95 சதவீத ஆல்கஹால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு, வைரஸின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும், அதோடு அது சட்டென்று ஆவியாகியும் போய்விடும். கை முழுக்க நனையும் அளவு எடுத்து, காயும் வரை தேயுங்கள், பாதியில் துணியில் துடைத்துவிட்டால் பயனில்லை. கையில் அழுக்கோ பிசுக்கோ இருந்தால் அதன் மேல் சானிடைசர் வேலை செய்யாது. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் காய்வதற்குள் அடுப்புப் பக்கம் போகாதீர்கள், சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பரப்புகளைத் துடைப்பது

யாருக்கும் நோய் இல்லாத சாதாரண நாட்களில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதும். கிருமிநாசினி தேவைப்படுவது வீட்டில் ஒருவர் நோயோடு இருக்கும்போது, அல்லது நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும்போது. அப்போதும் அழுக்கின் மேலேயே ஊற்றாதீர்கள். அழுக்கும் சளியும் பிளீச்சின் சக்தியைத் தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அப்புறம்தான் கிருமிநாசினி. அதைப் போட்ட மறு விநாடியே துடைத்து எடுத்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. பாட்டிலின் பின்புறம் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும், அத்தனை நிமிடமும் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் படிக்காவிட்டால் விலை உயர்ந்த பாட்டிலும் வீண்.

சுத்தமான இடத்தில் தொடங்கி அசுத்தமான இடத்தில் முடியுங்கள், மேலிருந்து கீழே. கழிப்பறைக்குத் தனித் துணி, சமையலறைக்குத் தனித் துணி, அந்த இரண்டும் ஒருபோதும் சேரக் கூடாது. செல்போனை அணைத்துவிட்டு, 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவிய வைப்ஸால் துடைக்கலாம், நேராக அதன் மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சுவிட்சுக்கும் அப்படித்தான், துணியை லேசாக நனைத்துத் துடைப்பது மட்டும்.

பிளீச் கலக்கும் முறை

கடையில் கிடைக்கும் பிளீச் திரவத்தின் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று இருக்கும். 5 சதவீதம் என்றால், 20 மில்லியோடு 980 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் கிடைக்கும், நோயாளி தொட்ட பரப்புகளுக்கு அது போதும். வாந்தி, பேதி பட்ட இடத்துக்கு 100 மில்லியோடு 900 மில்லி தண்ணீர், அதாவது 0.5 சதவீதம். பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், வெந்நீர் அதன் வீரியத்தைக் குறைக்கும். கலந்தது நாள் ஆக ஆகச் சாரமிழக்கும் என்பதால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பிளீச்சோடு வேறு எதையும் கலக்கக் கூடாது, இதை வீட்டில் வேலை செய்யும் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா சேர்ந்த கிளீனரோடு கலந்தால் குளோரமைன் என்ற விஷ வாயு வரும். மூடிய பாத்ரூமுக்குள் இது உயிருக்கே ஆபத்து. ஆசிட் போட்டுக் கழுவிய அன்று அதே இடத்தில் பிளீச் வேண்டாம். கையுறை போட்டு, ஜன்னலையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ திறந்துவைத்துச் செய்யுங்கள். கலந்த பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

வாந்தியைச் சுத்தம் செய்வது

வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் தூரம் வரை தெறிக்கும், எனவே ஈரமாகத் தெரியும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பி, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். பேப்பர் டவலோ பழைய செய்தித்தாளோ அதன் மேல் போட்டு ஊறவிட்டு, வெளி ஓரத்தில் இருந்து நடுப்பக்கமாக மெதுவாக வழித்து எடுத்து, பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் பரவும். அப்புறம் சோப்புத் தண்ணீரால் துடைத்து, 0.5 சதவீத பிளீச் கரைசலைச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தாராளமாகப் பூசி, குறைந்தது 5 நிமிடம் ஈரமாக விட்டு, கடைசியில் தண்ணீரால் துடைத்தெடுங்கள். உலோகத்தை அரிக்கும், சாயம் போகும் என்பதால் கடைசித் துடைப்பை விடாதீர்கள். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் போட்டு, கையைச் சோப்பால் கழுவுங்கள். கையுறை போட்டிருந்தோமே என்று கழுவாமல் விடுவது அதைப் போட்டதையே வீணாக்கும்.

வாந்தி பட்ட துணி, படுக்கை விரிப்பை உதறாதீர்கள். உடம்போடு அணைத்துத் தூக்கிப் போகவும் வேண்டாம். தனியாக, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, முழுசாகக் காயவையுங்கள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் முடிந்தால் ஒரே ஆளாக இருக்கட்டும். தனிக் கழிப்பறை இருந்தால் நோயாளிக்கு விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் போய் வந்த ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் பட்டன், தாழ்ப்பாள், குழாய், இருக்கை இந்த நான்கையாவது துடையுங்கள். மூடியை மூடி ஃப்ளஷ் செய்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், அது வைரஸ் தெறிப்பதை முழுசாகத் தடுக்காது, பேசினையே கிருமிநாசினி போட்டுத் தேய்ப்பதுதான் பலன் தரும்.

வாந்தி நின்றவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பதால்தான் ஒருவர் பின் ஒருவராக வீடே படுக்கிறது. நோரோவைரஸ் குணமான பிறகும் 2 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். எனவே அறிகுறி நின்று முழுசாக 2 நாள் ஆகும் வரை அவர் மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம், குழந்தையாக இருந்தால் அதுவரை பள்ளிக்கும் அனுப்ப வேண்டாம். கழிப்பறை போய் வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுவதை அந்த 2 வாரமும் ஒரு தடவைகூட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை என்றால் நீங்களே பக்கத்தில் நின்று கழுவிவிடுங்கள்.