மடிநோய்: காம்புத் துவாரம் மூடும்வரை கவனம் வேண்டும்

கறவை மாட்டின் மடிக்குள் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் காம்பு நுனியில் உள்ள சிறு துவாரத்தின் வழியாகவே நுழைகின்றன. மற்ற நேரங்களில் அதைச் சுற்றியுள்ள தசை இறுகி நின்று காவல் காக்கிறது. கறந்து முடித்த பிறகோ, அது மீண்டும் நன்றாக மூடிக்கொள்ள அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை ஆகும். கறந்த கையோடு மாட்டைச் சாணத்திலும் சேற்றிலும் படுக்க விடுவது, திறந்த வாசலில் கிருமியைக் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். ஆகவே கறந்தவுடன் காம்புகளை 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி எடுத்து, உடனே தீவனம் போடுங்கள். தின்னும் ஆர்வத்தில் மாடு நின்றுகொண்டே இருக்கும். அதற்குள் துவாரமும் மூடிவிடும்.

கறப்பதற்கு முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மடி முழுவதையும் நனைத்துவிட்டுத் துடைக்காமல் கறந்தால், மேலே உள்ள அழுக்கெல்லாம் நீரோடு வழிந்து காம்பு நுனியில் சொட்டும். காம்புகளை மட்டும் கழுவி, மாட்டுக்கு ஒரு சுத்தமான துணியால் ஈரமின்றித் துடைப்பதே நல்லது. கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் காம்பின் உட்புறத்தை நசுக்கிக் காயப்படுத்துவதால், முழுக்கையால் பிடித்துக் கறக்கப் பழகுங்கள்.

முதல் மூன்று நான்கு பீச்சல்களைத் தரையில் விடாமல், கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீய்ச்சிப் பாருங்கள். மடிநோய் இருந்தால் பாலில் சிறு கட்டிகளாகத் திரிகள் வரும். வெள்ளைப் பாத்திரத்தில் கண்ணுக்குத் தப்பும் நொய்யளவு திரிகள்கூடக் கறுப்புத் துணியில் தெளிவாகத் தெரியும்.

ஆனால் அதிக இழப்பைத் தருவது மறைந்திருக்கும் மடிநோய்தான். மடி வீங்காது, பாலின் தோற்றமும் மாறாது, கறவை மட்டும் குறையும். தீவனத்தின்மேல் பழி போட்டே பலர் மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். இதைக் கண்டறிய, நான்கு குழிகள் உள்ள தட்டில் காம்புவாரியாகச் சிறிது பால் எடுத்து, கலிபோர்னியா பரிசோதனைக் கரைசலைச் சம அளவு சேர்த்து, மெதுவாகச் சுழற்றுங்கள். நோயுள்ள காம்பின் பால் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கெட்டியாகிக் குழியோடு ஒட்டும். கிருமியை எதிர்க்கப் பாலுக்குள் திரண்டு வந்த வெள்ளையணுக்களே அதற்குக் காரணம். மாதம் ஒருமுறை இதைச் செய்வது சிரமமான வேலையன்று.

நோய் தெரிந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, அந்தப் பாலைத் தனியே அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே பால் மாதிரி எடுத்து அனுப்பினால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது தெரியவரும். வீக்கம் வடிந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். மருத்துவர் குறிப்பிடும் நாள்வரை அந்தப் பாலை விற்கவும் வேண்டாம். மாடு தீனி எடுக்காமல், காது சில்லிட்டு, எழ முடியாமல் கிடந்தால், கிருமியின் நச்சு உடலெங்கும் பரவியிருக்கக்கூடும். அப்போது மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது.

கன்று ஈனுவதற்கு ஏறத்தாழ 60 நாள்களுக்கு முன் பால் வற்றச் செய்யும்போது, கடைசிக் கறவைக்குப் பின் காம்புக்குள் மருந்து செலுத்த வேண்டுமா என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். செலுத்துவதானால், துவாரத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்த பின்னரே குழாயின் நுனியை மட்டும் நுழைக்க வேண்டும்.