தகர வேலி போடுகிறவர்கள் கணுக்காலைப் பாருங்கள்

போன வாரம் பல்லடம் பக்கம் ஒரு வேலைக்கு அளவெடுக்கப் போகும்போது, ரோட்டோரக் காட்டில் இரண்டு இளவட்டப் பையன்கள் எல்லைக்கு கலர் ஷீட் (பெயிண்ட் பூசிய தகரம்) வேலி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன். குறை சொல்ல முடியாத வேலை. நூல் நேராக இருந்தது, கால்கள் தூக்குக் குண்டு பிடித்த மாதிரி நின்றன, வெல்டிங்கும் சுத்தம். ஆனால் காங்கிரீட்டைத் தரைக்கு மூன்று அங்குலம் கீழேயே நிறுத்திவிட்டு, மேலே மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறதாம். பட்டறை வைத்த புதிதில் நானும் இதே அழகைத்தான் செய்தேன்.

நூல் பிடிப்பது, ரசமட்டம் வைப்பது, காங்கிரீட் இறுகும் முன் ஷீட்டை மாட்டாமல் இருப்பது, இதெல்லாம் எந்த மேஸ்திரியும் சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

கணுக்கால்

உடுமலை பக்கம் ஒரு தென்னந்தோப்பு. 2009இல் போட்ட வேலி. 46 கால், எட்டடிக்கு ஒன்று, இரண்டு அங்குல எம்எஸ் (சாதா இரும்பு) ஸ்கொயர் பைப், 16 கேஜ், ஆறடி உயரத்துக்கு ஷீட். ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே பச்சை எனாமல் இரண்டு கோட். முடித்த அன்று போட்டோ எடுத்துப் பட்டறையில் மாட்டிவைத்தேன், அவ்வளவு பெருமை.

ஐந்தாவது ஆடியில், காலை ஆறு மணிக்கே தோட்டத்துக்காரர் போன் செய்தார். "தம்பி, வேலி படுத்துக்கிச்சுங்க." காற்று ரொம்ப பலமோ என்று கேட்டேன். "எப்பவும் அடிக்கிற காத்துதானுங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால் 11 கால் வரிசையாகச் சாய்ந்து கிடக்கிறது. குழி பெயர்ந்திருக்கும் என்று நினைத்துப் போனேன், ஒரு குழிகூட அசையவில்லை. ஒவ்வொரு காலும் தரைமட்டத்தில், மனுசனுக்குக் கணுக்கால் இருக்கிற இடத்தில் முறிந்திருந்தது. முறிந்த விளிம்பைக் கையால் அழுத்தினேன், முறுக்கு மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. அதற்கு ஒரு சாண் மேலே பச்சை எனாமல் அன்றைக்கு அடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்த கால் ஒன்றின் அடியில் மண்ணைப் பறித்துவிட்டு ஸ்குரூ டிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது.

ஏன் அந்த ஒரு இடம் மட்டும்? காங்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் இரும்பை சிமெண்டின் காரத்தன்மை துருவிலிருந்து காக்கும். மேலே காற்றில் இருக்கும் இரும்பு மழையில் நனைந்தாலும் அரை மணியில் காய்ந்துவிடும். ஈரமண்ணும் காற்றும் சேர்ந்தே படுகிற இடம் அந்த மேல்மண் மூன்று அங்குலம்தான், அது காயவே காயாது. தோப்பில் தண்ணீர் பாய்வது, மேல்மண்ணில் உரத்தின் உப்பு எல்லாம் அங்கேதான் சேரும். அரிப்பு வேலை மண்ணுக்குள் நடப்பதால் யார் கண்ணுக்கும் படாது.

இது வெளிப்பக்கக் கதை. உள்பக்கம் இன்னும் மோசம். பைப்பின் தலைக்கு நான் மூடி வைக்கவில்லை. மழைத் தண்ணீர் மேலிருந்து இறங்கும், அடியைக் காங்கிரீட் அடைத்திருக்கிறது, எங்கே போகும்? விழாமல் நின்ற ஒரு காலை இரும்பறுக்கும் கிரைண்டரால் அடியில் அறுத்தபோது டம்ளர் அளவுக்குச் செந்தண்ணீர் கொட்டியது. 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர். வெளியே இருந்தும் உள்ளே இருந்தும் துரு தின்றால் எத்தனை ஆடிக்குத் தாங்கும்?

11 காலை மாற்றிக் கொடுத்துவிட்டு நழுவியிருக்கலாம், மீதி 35 அடுத்த வருசம் விழும் என்று தெரிந்த பிறகு மனசு வரவில்லை. என் செலவிலேயே 46ஐயும் மாற்றினேன். புதுக் கால் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய காங்கிரீட் கட்டி ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்குக் குறையாது. குழியைத் தள்ளி எடுக்கலாம் என்றால் ஷீட் எல்லாம் எட்டடிக்கு ஒரு கால் என்ற கணக்கில் வெட்டியது, இடம் மாறினால் எதுவும் பொருந்தாது. சம்மட்டி வைத்து ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தோம், ஒன்பது நாள். இவ்வளவும் எதை மிச்சம் பிடிக்கப் போய்? காலுக்கு ஒரு சட்டி காங்கிரீட் கலவை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அதைவிட எரிச்சல், வேலி விழுந்தால் எல்லாரும் காற்றைத் திட்டுவது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இங்கே காற்று வரும் என்பது தெரிந்த விஷயம்தானே, அதை நம்பித்தானே உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலை நட்டிருக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் எட்டுக்கு ஆறடி ஷீட் ஒன்றின் மேல் சுமார் 80, 90 கிலோ தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. வலைக் கம்பி வேலியில் காற்று புகுந்து போய்விடும், தகரம் பாய் விரித்த படகு. அந்தத் தள்ளல் முழுவதும் வந்து முட்டுகிற இடம் தரையை ஒட்டிய கணுக்கால்தான். அழுகுகிற இடமும் அதே. சிலர் இதற்குப் பயந்து பைப்பைத் தடிமனாக்குகிறார்கள், அதுவும் அழுகும், இரண்டு வருசம் தள்ளி.

இப்போது நான் செய்வது: இரண்டரை அடிக் குழி, அடியில் அரை அடி ஜல்லி, 1:2:4 கலவை (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு). காங்கிரீட்டைத் தரைக்கு மேல் நான்கு அங்குலம் ஏற்றி, கால் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாகத் தேய்த்துவிடுவேன், தண்ணீர் காலடியில் நிற்கவே கூடாது. கால் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. தலைக்கு மூடி வைத்துச் சுற்றி வெல்டிங். காங்கிரீட்டுக்கு ஒரு விரல் மேலே, பைப்பில் சின்னதாக ஓர் ஓட்டை, உள்ளே எப்படியாவது தண்ணீர் சேர்ந்தால் வெளியே போக. காங்கிரீட் காய்ந்த பிறகு காலும் அதுவும் சேரும் விளிம்பில் தார் பூசிவிடுவேன். அப்புறம் வீட்டுக்காரர்களிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிட வேண்டும். ஒரு அக்கா, நான் இப்படி ஏற்றிக் கொடுத்த ஒவ்வொரு கால் அடியிலும் மண்ணும் சாணியும் குவித்து மல்லிகைப் பதியம் வைத்திருந்தார்கள். செடி நன்றாக வந்திருந்தது, எடுக்கச் சொல்ல எனக்கே சங்கடமாகிவிட்டது.

கரிசல் மண்

கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், மழையில் உப்பும். வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்குக் கீழே குழி போக வேண்டும், இல்லையென்றால் நேராக நட்ட கால் இரண்டு மழையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாதிரி சாயும்.

கிரைண்டர்

கலர் ஷீட்டை கிரைண்டரால் அறுக்காதீர்கள். பொறி பட்ட இடத்தில் பெயிண்டும் அதன் கீழே இருக்கும் துத்தநாகப் பூச்சும் கருகிவிடும், பறக்கிற இரும்புத் தூள் ஷீட்டில் ஒட்டிக்கொண்டு ஒரே வாரத்தில் சொறி பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாகத் துரு. கத்தரி போதும். பக்கத்தில் நின்று கால் பைப் அறுப்பதும் வேண்டாம், ஷீட்டைத் தள்ளி வையுங்கள்.

ஜிஐ வெல்டிங்

வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். வெள்ளிப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், துத்தநாகம் கலந்த ஜிங்க் பெயிண்ட் அடியுங்கள். துத்தநாகம் எரியும்போது வருகிற வெள்ளைப் புகையை நாளெல்லாம் இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும், எனக்கு வந்திருக்கிறது. காற்று வீசும் திசைக்கு முதுகும் காட்டாமல் முகமும் காட்டாமல் பக்கவாட்டில் உட்காருங்கள்.

ஸ்க்ரூ

ஷீட் மாட்டும் ஸ்க்ரூவை, அதன் ரப்பர் வாஷர் பிதுங்கும் வரை முறுக்காதீர்கள்.

எல்லை

தாலுகா ஆபீசில் பணம் கட்டி சர்வேயரை வரவழைத்துக் கல் நட்ட பிறகுதான் நூல் கட்ட வேண்டும், பழைய கள்ளிவேலியை நம்பக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, கால் எல்லைக்குள் இருந்தாலும் குழி தாண்டிவிடும் என்பது. ஒரு அடி அகலக் குழியின் நடுவில் இரண்டு அங்குலக் கால், அதன் வெளிமுகத்தை எல்லை நூலில் ஒட்டி நட்டால் காங்கிரீட் ஐந்து அங்குலம் அடுத்தவர் மண்ணில் போய் உட்காரும். தரைக்கு மேலே வேறு அதை நான்கு அங்குலம் ஏற்றியிருக்கிறோம், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அரை அடி உள்ளே தள்ளி நூலைக் கட்டுங்கள். பக்கத்துக் காடு பங்காளியுடையது என்றால் முக்கால் அடி.