கிர்காவ் சௌபாட்டியில் ஒரு மதியம்: விண்ட்சர்ஃப் பார்க்க, பழகப் போகிறவர்களுக்கு

சௌபாட்டி என்றாலே பேல்பூரி, குல்ஃபி, ஞாயிற்றுக்கிழமை நெரிசல் என்றுதான் மும்பைத் தமிழர் வீடுகளில் பேச்சு. அதெல்லாம் மாலை ஐந்தரைக்கு மேல். வேலைநாளில் மதியம் ஒன்றரை முதல் நாலரை வரை அதே மணலில் ஆள் நடமாட்டம் குறைவு. வெயிலுக்குப் பயந்து யாரும் வருவதில்லை. கடற்காற்று வலுக்கும் நேரமும் அதுதான். விண்ட்சர்ஃப்காரர்கள், அதாவது பாய் கட்டிய பலகையில் காற்றால் ஓடுகிறவர்கள், இறங்குவதும் அப்போதுதான். ஆகவே சூரிய அஸ்தமனத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். காற்றையும் கடலின் ஏற்றவற்றத்தையும் வைத்துப் போடுங்கள்.

முதலில் மாதம். மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை சிறந்த காலம். நிலம் சீக்கிரம் சூடேறுவதால் நண்பகலிலேயே மேற்கு, வடமேற்குக் காற்று தொடங்கிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வாடை வீசும். மதியத்துக்கு மேல்தான் திசை மாறும், வேகமும் சற்றுக் குறைவு. அக்டோபரில் புழுக்கம் மட்டும்தான் மிச்சம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பேச்சே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், நீர் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், மணலில் நீலப்புட்டி (ப்ளூ பாட்டில்) எனப்படும் கொட்டும் ஜெல்லிகள் ஒதுங்கும்.

அடுத்தது ஏற்றவற்றம். தமிழ்நாட்டுக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். மெரினாவிலும் தூத்துக்குடியிலும் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான், அதனால் யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மதியம் படிக்கட்டுப் பக்கம் வரை வந்த தண்ணீர் மாலையில் வெகுதூரம் பின்வாங்கிச் சேற்று மணலைக் காட்டிவிடும்.

இதற்குத் தனிச் செயலி வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் திதி பார்த்தால் போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஏற்றம் ஏறக்குறைய நண்பகல் 12 மணிக்கும் நள்ளிரவுக்கும் வரும். அதன்பின் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக துவிதியை முதல் பஞ்சமி வரை உச்ச ஏற்றம் மதியம் ஒன்றரைக்கும் நாலுக்கும் இடையில் விழும். மூன்று மணிக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் இந்த நாட்களைத்தான் எடுக்க வேண்டும். அஷ்டமி, நவமியில் ஏற்றம் மாலை ஆறு, ஏழு மணியை ஒட்டி வரும், ஏறி இறங்கும் அளவும் சிறியது, இழுப்பும் சாது. நல்ல காரியத்துக்கு அஷ்டமி நவமி ஆகாது என்பார்கள். புதிதாகப் பலகை ஏறுகிறவருக்கு அவை நல்ல நாட்கள். ஏகாதசியன்று மதியம் மூன்று மணிவாக்கில் முழு வற்றம். பலகையின் அடியில் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் தரையில் தட்டும், முன்னோக்கித் தூக்கியெறியப்படுவீர்கள். இந்தக் கணக்கு அரைமணி, ஒரு மணி முன்பின் போகும். தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் அன்றைய ஏற்றவற்ற அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காற்றை அளப்பது நாட் கணக்கில். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். கற்றுக்கொள்ள 6 முதல் 10 நாட் போதும். பழகியவர்கள் பலகை நீரின் மேல் எழும்பி வழுக்கி ஓட 12, 15 நாட்டுக்குக் காத்திருப்பார்கள். கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம்: கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரைத்தலைகள் தெரிந்தால் 8, 10 நாட். பரவலாகத் தெரிந்தால் 12-க்கு மேல். நீர்ப்பரப்பு எண்ணெய் தடவியது போல் கிடந்தால் ஒரு பாயும் வராது, பேல்பூரி தின்றுவிட்டு வீடு திரும்பலாம். விண்டி, விண்ட்குரு போன்ற காற்று முன்னறிவிப்புச் செயலிகள் பெரிய கட்டங்களாகக் கணக்கிடுகின்றன. கரையை ஒட்டி நிற்கும் மலபார் ஹில் மலை அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. திசைக்கு நம்புங்கள், கரையோர வேகத்துக்கு முழுசாக நம்ப வேண்டாம்.

அந்த மலைதான் இந்தக் கடற்கரையின் குணத்தை முடிவு செய்கிறது. கடலைப் பார்த்து நின்றால் வலக்கையில் மலபார் ஹில், அதன் முனையில் ஆளுநர் மாளிகை. இடக்கையில் மரீன் டிரைவ் வளைந்து நரிமன் பாயிண்ட் வரை. வடமேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது உடைந்துவிடும். வலப்பக்கம் மலையடியில் ஒரு நிமிடம் பாய் தொங்கும், அடுத்த நிமிடம் ஒரு மொத்து மொத்தும். இடப்பக்கம் போகப்போகக் காற்று சீராகும். தென்மேற்கிலிருந்து வந்தால் விரிகுடா முழுக்கச் சுத்தமான காற்று. கரையிலிருந்து கடலுக்குள் வீசும் வடகிழக்குக் காற்றில் மட்டும் புதியவர் இறங்கவே கூடாது. கரையோரம் நீர் அமைதியாகத் தெரியும், ஆனால் காற்று உங்களைப் பத்திரமாக வெளியே அழைத்துப் போய் விட்டுவிடும். திரும்பி வருவது உங்கள் பாடு.

போகும் வழி எளிது. மேற்கு ரயில்வேயின் சர்னி ரோடு நிலையத்தில் இறங்கினால் சாலைக்கு அந்தப் பக்கம் கடல். மாட்டுங்காக்காரர்கள் இசட் பாலம் கடந்து மாட்டுங்கா ரோடில் ஸ்லோ வண்டி ஏறலாம். சயன், முலுண்ட் பக்கத்தவர் தாதரில் மாறிக்கொள்ளுங்கள். தாராவிக்காரர்களுக்கு மாஹிம் நிலையம். மெட்ரோ 3-இல் கிர்காவ் நிலையமும் உண்டு. நிறுத்த இடம் தேடியே காற்று ஓய்ந்துவிடும் என்பதால் கார் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கயிறு வைத்த தொப்பி, முழுக்கைச் சட்டை, விரல் மூடிய பழைய கேன்வாஸ் ஷூ. சாண்டல் போதாது. கண்ணாடிச் சில்லு ஒரு பக்கம். விநாயகர் விசர்ஜனத்துக்குப் பின் பல வாரங்களுக்கு மரச்சட்டம், ஆணி, கம்பி மணலில் புதைந்து கிடக்கும். திருக்கை மீனும் உண்டு. 2013 விசர்ஜனத்தின்போது இங்கே பலரைக் கொட்டியது. ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். கொட்டிவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், ஆனால் கொப்பளிக்காத அளவுக்கு, வெந்நீரில் அந்த இடத்தை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்கக் கூடாது.

வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். மணலில் பலகையின் பாய் விரித்துக் கிடந்தால் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். அது துணியல்ல, மெல்லிய பிளாஸ்டிக் படலம். அடியில் ஒரு கிளிஞ்சல் இருந்தால் உங்கள் குதிகால் அழுத்தத்தில் கிழிந்துவிடும். பாய்மரம் காற்று வரும் பக்கம் இருக்கும்படி வைத்தால் பாய் படுத்திருக்கும். தவறாக வைத்த பாய் ஒரே வீச்சில் எழுந்து புரண்டு வரும். குழந்தைகளைப் பாய்க்குக் காற்று வரும் பக்கமே நிறுத்துங்கள். பேச்சுக் கொடுக்க நினைத்தால் அவர்கள் பாய் கட்டும்போது வேண்டாம், கழற்றும்போது கேளுங்கள். “ஆஜ் ஹவா கைசீ தீ?” (இன்று காற்று எப்படி இருந்தது?) என்று ஆரம்பித்தால் போதும், அரைமணி நேரம் பேசுவார்கள்.

பழக விரும்பினால் பயிற்றுநரோடு, உயிர்காப்பு ஜாக்கெட் போட்டு, மீட்புப் படகு இருக்கும் இடத்தில் மட்டும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 180 லிட்டருக்குக் குறையாத அகலப் பலகை, 4 சதுர மீட்டரை ஒட்டிய பாய் சரியாக இருக்கும். “சின்னப் பலகை லேசாக இருக்கும்” என்று கேட்டு வாங்குவார்கள் சிலர். அதில் நிற்கவே முடியாது.

பலகையை இடுப்பளவு நீர் வரை தள்ளிக்கொண்டு போங்கள். கிளம்புமுன் பாய்மரத்தையும் பலகையையும் இணைக்கும் மூட்டைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது பூட்டாமல் போனால் நடுக்கடலில் பாய் தனி, பலகை தனி. பாய் காற்று போகும் பக்கம் நீரில் கிடக்க, காற்றுக்கு முதுகைக் காட்டி ஏறுங்கள். பாய்மர அடிக்கு இருபுறமும் ஒவ்வொரு கால். கயிற்றைப் பிடித்து, கைகளை நீட்டி, முழங்காலை மடக்கி, உடல் எடையைப் பின்னால் சாய்த்து எழுப்புங்கள். குனிந்து முதுகால் இழுத்தால் பத்தாவது முறையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதலில் பாயின் மேலிருக்கும் நீர் வடியும்வரை கனமாக இருக்கும். அந்த நேரத்தில் வெட்டி இழுக்காமல் காத்திருங்கள், பிறகு தானே எழும்.

எழுந்த பாய் கொடிபோல் படபடக்கும். முன்கை, அதாவது பலகையின் மூக்குப் பக்கக் கை, முதலில் பாய்மரத்தில், பிறகு பூமில், அதாவது பாயைச் சுற்றி வரும் பிடிகம்பியில். பின்கையால் பூமை மெதுவாக உள்ளே இழுத்தால் பலகை நகரும். பாயை மூக்குப் பக்கம் சாய்த்தால் பலகை காற்றோடு திரும்பும், வால் பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். நிறுத்த வேண்டுமா? பின்கையை விடுங்கள். பயத்தில் இரு கையாலும் இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது, அப்போதுதான் பாய் உங்களையும் தூக்கிக்கொண்டு விழும்.

காற்று ஓய்ந்தால் பாயைப் பலகையின் பின்புறம் ஏற்றி, குப்புறப் படுத்துக் கையால் துழாவி வாருங்கள். பலகையை விட்டு நீந்தவே கூடாது. தூரத்தில் ஒரு தலை யார் கண்ணுக்கும் படாது, பலகை படும். உதவி வேண்டுமானால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஒற்றைக் கையை ஆட்டினால் டாட்டா சொல்கிறீர்கள் என்று கரையில் இருப்பவர்களும் ஆட்டுவார்கள்.

குளிக்க ஏற்ற நீர் இதுவல்ல, நகரத்தின் கழிவு கலக்கிறது. வாயில் போகவிடாதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று இறங்க வேண்டாம். கரையேறியதும் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் முகம், கை, கால் கழுவிவிட்டுத்தான் புளிசாத டப்பாவைத் திறக்க வேண்டும்.

கிளம்புவது ஐந்து மணிக்குள். அதற்குமேல் சர்ச்கேட்டிலிருந்து வடக்கே போகும் வண்டிகள் நிறைந்து வரும். ஈரத் துணிமூட்டையோடு சர்னி ரோடில் ஏறவே முடியாது. தவறினால் எட்டரை வரை அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் வழி. அப்படி உட்கார நேர்ந்தால் அன்று என்ன திதி என்று மறுபடி பாருங்கள். துவிதியை, திருதியையாக இருந்தால் அந்நேரம் கடல் வெகுவாகப் பின்வாங்கியிருக்கும், இருட்டில் ஈரச்சேற்றுப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.